வீகன் சோப்புக்கு 280 ரூபாய்: நாம எதுக்குக் காசு குடுக்கிறோம்?



மாசச் செலவு வீடியோவுல "சோப்புல நான் தோத்த கதையை இன்னொரு நாள் சொல்றேன்"னு சொல்லிட்டுப் போயிருந்தேன். சொல்லிடறேன். இது சோப்புக் கதைதான். ஆனா நாம காசு குடுத்து எதை வாங்குறோம்னே தெரியாம வாங்குற எல்லாத்துக்கும் பொருந்தும்.

நான் மேட்டுப்பாளையம். தினமும் காலையில கோயம்புத்தூர் பாசஞ்சர் ரயில் ஏறி வேலைக்குப் போய், ராத்திரி திரும்புற ஆளு. அம்மா வீட்டுலயே பிளவுஸ் தைக்கிறாங்க. ஒரு ஏப்ரல் மாசம் இன்கிரிமெண்ட் வந்துச்சு. அம்மாவுக்கு ஏதாவது நல்லதா வாங்கணும்னு தோணுச்சு. இன்ஸ்டாகிராம்ல ஒரு பெட்டி கண்ணுல பட்டுச்சு. கையால செஞ்ச வீகன் சோப்பு, 100 கிராம் 280 ரூபாய், மூணு சோப்பு 840. "கெமிக்கல் இல்லை, விலங்குக் கொழுப்பு இல்லை, விலங்குப் பரிசோதனை இல்லை, மென்மையானது"ன்னு பெட்டி முழுக்க எழுதியிருந்துச்சு. யூகலிப்டஸும் லெமன்கிராஸும் கலந்த வாசனை. ஊட்டி ரோட்டுல தைலக்கடை முன்னாடி நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

மூணு வாரம் கழிச்சுத்தான் அம்மா கையைக் கவனிச்சேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து, நுனியில வெடிப்பு. "ஏம்மா, எப்பருந்து?"ன்னு கேட்டா, "அந்த சோப்பு போட்டு நாலஞ்சு நாள்ல இருந்தே அரிக்குது சாமி. இவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கே, வேண்டாம்னு எப்படிச் சொல்றது"ங்கிறாங்க.

விரல்ல வெடிப்பு இருந்தா பட்டுத் துணியைத் தொட முடியாதுங்க. ஹெம்மிங் போடும்போது நூல் இழுத்துரும். சரியா வைகாசி முகூர்த்த சமயம். கையில இருந்த 7 பிளவுஸைத் திருப்பிக் கொடுத்தாங்க. ஒண்ணுக்கு 450 ரூபாய்னா 3,150. தோல் டாக்டர் ஃபீஸ் 500, மருந்து 620, சோப்பு 840. மொத்தம் 5,110 ரூபாய். நான் பரிசுன்னு நினைச்சு வாங்குனதோட உண்மையான விலை அதுதான்.

டாக்டர் முதல்ல கேட்டது, "புதுசா என்ன மாத்தினீங்க?" அடுத்து சொன்னது, "எதனால வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல பேட்ச் டெஸ்ட் பண்ணணும். அதுக்கு முன்னாடி வாசனை இருக்கிற எதையும் கையில போடாதீங்க. வாசனையே இல்லாத சோப்பு வாங்குங்க."

அப்புறம்தான் அந்தப் பெட்டியை எடுத்து ஒழுங்காப் படிச்சேன். நான் காசு குடுத்த வார்த்தை 'வீகன்'. அம்மாவுக்குத் தேவைப்பட்ட வார்த்தை 'வாசனை இல்லாதது'. அது பெட்டியில எங்கேயுமே இல்ல.

என் கருத்து இதுதான்: இந்தியாவுல சோப்பு வாங்கும்போது 'வீகன்'ங்கிற வார்த்தைக்குக் கூடுதல் காசு குடுக்காதீங்க. வீட்டுல யாருக்காவது தோல் பிரச்சினை இருந்தா, 'வாசனை இல்லாதது'ங்கிறதுக்குத் தயங்காமக் குடுங்க. ஏன்னு ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

வீகன்: ஏற்கெனவே நம்ம கையில இருக்கிறது

வெளிநாட்டுல சோப்புக்கு மாட்டுக் கொழுப்பு ரொம்ப காலமாப் பயன்படுற சரக்கு. அதனால அங்கே 'வீகன்'னு போடறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. நம்ம கதை வேற. ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1918 வாக்குலயே விலங்குக் கொழுப்பு இல்லாம, தாவர எண்ணெயில சோப்பு செஞ்சு விற்க ஆரம்பிச்சார். 1983-ல வனஸ்பதியில மாட்டுக் கொழுப்புக் கலப்படம்னு நாடு முழுக்கப் பெரிய பிரச்சினையாகி, அந்த இறக்குமதிக்கே தடை வந்துச்சு. இன்னைக்கு நம்ம மளிகைக் கடையில 40, 50 ரூபாய்க்குத் தொங்குற சோப்புகள்ல பெரும்பாலானது பாமாயில், பாம் கெர்னல் எண்ணெய், தேங்காய் எண்ணெய்லதான் செய்யுறாங்க.

பாக்கெட் பின்னாடி நீங்களே பார்த்துக்கலாம். 'சோடியம் பாமேட்'னா பாமாயில். 'சோடியம் கோகோயேட்'னா தேங்காய் எண்ணெய். 'சோடியம் டாலோவேட்'னு இருந்தா விலங்குக் கொழுப்பு. சாப்பாட்டுப் பாக்கெட்ல வர்ற பச்சைப் புள்ளி, பழுப்புப் புள்ளி மாதிரி சோப்புக்கும் 2014-ல விதி வந்துச்சு. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. பச்சைப் புள்ளின்னா சைவம், வீகன் இல்ல. ஆட்டுப்பால் சோப்பும் தேன் சோப்பும் சைவம்தான், ஆனா வீகன் கிடையாது. கொள்கையா வீகன் இருக்கிறவங்க பால், தேன், தேன்மெழுகு, ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்கிற லானோலின் இந்த நாலையும் தேடிப் பாருங்க. கிளிசரினும் ஸ்டியரிக் ஆசிடும் தாவரத்துல இருந்தும் வரலாம், விலங்குல இருந்தும் வரலாம். சந்தேகம்னா கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க.

அப்புறம் அந்த 'விலங்குப் பரிசோதனை இல்லை'. அழகுசாதனப் பொருட்களை விலங்குகள்ல சோதிக்கிறதை இந்தியா 2014 மே மாசம் தடை பண்ணிருச்சு. அப்படிச் சோதிச்ச பொருட்களை இறக்குமதி பண்றதையும் அதே வருஷம் நவம்பர்ல தடை பண்ணியாச்சு. சட்டம் எல்லாருக்கும் போட்ட விதியை, தான் மட்டும் செய்யுற புண்ணியம் மாதிரி பெட்டியில எழுதிக்கிறாங்க.

சமையல் எண்ணெய்ல 'கொலஸ்ட்ரால் இல்லை'ன்னு போடுவாங்களே, அதே கதை. கடலை எண்ணெய்லயும் சூரியகாந்தி எண்ணெய்லயும் கொலஸ்ட்ரால் எப்பவுமே இருந்ததில்ல. பொய் சொல்லல. உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதை உங்களுக்கே விக்கிறாங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. வீகன்னா யாருக்கும் கெடுதல் இல்லைன்னு அர்த்தம் இல்ல. பாமாயில் நூறு சதவீதம் வீகன்தான். ஆனா அதுக்காக இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் மழைக்காடுகளை அழிச்சிருக்காங்க. பெட்டியில இருக்கிற ஒரு வார்த்தை நம்ம மனசாட்சிக்கு முழு ரசீது ஆகாது.

மென்மை: இங்கேதான் எண்களைப் படிக்கணும்

சோப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதி வச்சிருக்கு. அதுல முக்கியமான எண் டி.எஃப்.எம். சோப்புல மொத்தம் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்குங்கிற சதவீதம். 'டாய்லெட் சோப்'னு போட்டிருந்தா, முதல் தரத்துக்குக் குறைஞ்சது 76, ரெண்டாம் தரத்துக்கு 70, மூணாம் தரத்துக்கு 60. 'பாத்திங் பார்'னு போட்டிருந்தா 40 இருந்தாலே போதும். டி.எஃப்.எம் குறையக் குறைய நிரப்புப் பொருளும் தண்ணியும் அதிகம். சீக்கிரம் கொழகொழன்னு கரையும், சிலருக்குத் தோல் வறண்டு போகும். அதனால சாதாரணத் தோல் இருக்கிறவங்களுக்கு என் விதி ரொம்ப எளிது: முதல் தரம், 76-க்கு மேல, கிராம் விலை எது குறைவோ அது.

ஆனா டி.எஃப்.எம் மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். டவ் மாதிரி சோப்பு 'பாத்திங் பார்'னுதான் விக்குது, ஆனா காரணம் வேற. அது பழைய முறை சோப்பே இல்ல. சிண்டெட்னு சொல்ற, செயற்கை முறையில செஞ்ச மென்மையான சுத்திகரிப்பான் அதுல பிரதானம். எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யுற எந்த சோப்பா இருந்தாலும், அம்மிச்சி காலத்துதா இருந்தாலும் 500 ரூபாய் ஆர்கானிக்கா இருந்தாலும், அதோட பி.ஹெச் 9, 10 பக்கம்தான் இருக்கும். நம்ம தோலோட பி.ஹெச் சுமாரா 5. சிண்டெட் கட்டிகளை இதுக்குப் பக்கத்துல கொண்டுவர முடியும். அதனாலதான் வறண்ட தோல், எக்ஸிமா இருக்கிறவங்களுக்கு டாக்டர்கள் அதை எழுதிக் குடுக்கிறாங்க. 'கெமிக்கல் இல்லாத சோப்பு'ன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. காஸ்டிக் சோடா இல்லாம எண்ணெய் சோப்புக் கட்டியாவே ஆகாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. காங்கேயம் தேங்காய் எண்ணெய், பொள்ளாச்சித் தேங்காய்னு பேரைப் பார்த்ததும் மனசு இளகிடுது, எனக்கும்தான். தேங்காய் எண்ணெயைத் தோல்ல தடவுனா நல்லது. ஆனா அதே எண்ணெய் சோப்பா மாறுனதுக்கு அப்புறம் அது எண்ணெய் இல்ல. நுரை பிரமாதமா வரும், அழுக்கை நல்லா எடுக்கும், கூடவே தோல்ல இருக்கிற எண்ணெயையும் எடுத்துட்டுப் போயிரும். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டுச் செஞ்ச சோப்பு வறண்ட தோலுக்கு மென்மைன்னு நினைக்காதீங்க.

தண்ணியையும் பாருங்க. மேட்டுப்பாளையத்துல பவானித் தண்ணியில வளர்ந்த பசங்க சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய், பி.ஜி-யில போர் தண்ணியில குளிச்சுட்டு "சோப்பு சேரல"ன்னு மூணு சோப்பு மாத்துவாங்க. உப்புத் தண்ணியில இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போட சேர்ந்து வெள்ளையா ஒரு படிவமாகுது. பக்கெட் ஓரத்துல ஒட்டுமே, அது. தோல்லயும் ஒட்டும். சிண்டெட்ல அந்தத் தொல்லை குறைவு. பிரச்சினை தண்ணியில இருக்கும்போது ஆர்கானிக் சோப்புக்கு மாறி ஒரு பிரயோஜனமும் இல்ல.

வாசனை இல்லாதது: காசு குடுக்க வேண்டிய ஒரே வார்த்தை

தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகுற பொருட்கள்ல வாசனைப் பொருட்களும் உண்டு. இயற்கை வாசனைன்னா பாதுகாப்புன்னு நினைச்சது என் முதல் தப்பு. லெமன்கிராஸ், லேவண்டர் எண்ணெய்கள்ல இருக்கிற லினலூல், லிமோனீன், சிட்ரால் எல்லாம் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள்னு ஐரோப்பிய யூனியன் பட்டியல்லயே இருக்கு. அங்கே ரொம்ப நாளா 26 வாசனைப் பொருட்களைப் பேர் சொல்லி லேபிள்ல போடணும்னு விதி இருந்துச்சு. 2023-ல அந்தப் பட்டியலை 80-க்கு மேல ஆக்கிட்டாங்க. செடியில இருந்து வந்துச்சா, லேப்ல இருந்து வந்துச்சான்னு தோலுக்குத் தெரியாதுங்க.

ரெண்டாவது நுணுக்கம். 'அன்சென்டட்', 'ஃபிராகிரன்ஸ் ஃப்ரீ' ரெண்டும் ஒண்ணு இல்ல. அன்சென்டட்னா மூக்குக்கு வாசனை தெரியாது. மூலப்பொருளோட வாடையை மறைக்க உள்ளே வேறொரு வாசனைப் பொருள் போட்டிருக்கலாம். ஃபிராகிரன்ஸ் ஃப்ரீன்னா வாசனைக்குன்னு எதுவுமே சேர்க்கலன்னு அர்த்தம். முன்பக்கத்தை நம்பாதீங்க. பின்பக்கம் பொருட்கள் பட்டியலோட கடைசி வரியில 'பெர்ஃப்யூம்', 'பார்ஃபம்', 'ஃபிராகிரன்ஸ்', 'எசென்ஷியல் ஆயில்' இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்க.

எங்க தெருமுனை மளிகைக் கடையில நின்னு பன்னெண்டு சோப்பு திருப்பிப் பார்த்தேன். பன்னெண்டுலயும் பெர்ஃப்யூம். குழந்தை சோப்பு உட்பட. மெடிக்கல் ஷாப்புல கேட்டப்போதான் வாசனையே இல்லாத சிண்டெட் கட்டி கிடைச்சது. 75 கிராம் 190 ரூபாய்.

இப்போ கணக்குக்கு வருவோம்

நாலு மாசம் ஒரு நோட்டுல எழுதி வச்சேன். எந்த சோப்பு எத்தனை நாள் வருதுன்னு. ஒருத்தர் மட்டும் பயன்படுத்துற கணக்கு இது.

முதல் தர சாதாரண சோப்பு, 125 கிராம், 62 ரூபாய்: 24 நாள் வந்துச்சு. வருஷத்துக்கு 15 சோப்பு, 930 ரூபாய்.

கையால செஞ்ச வீகன் சோப்பு, 100 கிராம், 280 ரூபாய்: 13 நாள்ல கரைஞ்சிருச்சு. வருஷத்துக்கு 28 சோப்பு, 7,840 ரூபாய்.

வாசனை இல்லாத சிண்டெட், 75 கிராம், 190 ரூபாய்: 18 நாள். வருஷத்துக்கு 20 கட்டி, 3,800 ரூபாய்.

முதல் ரெண்டுக்கும் வித்தியாசம் வருஷம் 6,910. மாசம் 576 ரூபாய். இதை மாசாமாசம் 7 சதவீத வட்டியில ஆர்.டி போட்டா 10 வருஷத்துல கிட்டத்தட்ட 1 லட்சம். சோப்பை மாத்தி யாரும் கோடீஸ்வரர் ஆயிட மாட்டாங்க, அந்தக் கதையை நான் சொல்ல வரல. ஆனா ஏற்கெனவே இருக்கிற ஒண்ணுக்காக 1 லட்சம் குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடுங்க.

மூணாவது வரிதான் எனக்கு முக்கியம். அம்மாவுக்கு சிண்டெட் வாங்குறதுல சாதாரண சோப்பை விட வருஷம் 2,870 கூடப் போகுது. அதை நான் சோப்புச் செலவுல எழுதுறதில்ல. ஹெல்த் இன்ஷூரன்ஸ் பிரீமியம் எழுதுற பக்கத்துல எழுதுறேன். ஒரு தடவை கை வெடிச்சதுக்கே 5,110 போச்சு. சம்பாதிக்கிற கை அது. சிக்கனம்னா எல்லாத்துலயும் குறைஞ்ச விலை வாங்குறது இல்ல. எது யாருக்குத் தேவையோ அங்கே மட்டும் கூடக் குடுக்கிறது. எனக்கு 62 ரூபாய் சோப்பு, அம்மாவுக்கு 190. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சோப்புன்னு எந்தச் சட்டமும் இல்ல.

இன்னும் ரெண்டு சின்ன விஷயம். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கட்டி சோப்புக்கு ஜி.எஸ்.டி 18-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருச்சு. வரியோட 100 ரூபாய் இருந்த சோப்பு, அந்தக் குறைப்பு முழுசா நம்ம கைக்கு வந்தா 89 ரூபாய்க்கு வரணும். திரவமா வர்ற பாடி வாஷ் அந்தக் குறைப்புல சேரல. அப்புறம், பாக்கெட்ல எம்.ஆர்.பி பக்கத்துல யூ.எஸ்.பி-ன்னு ஒரு எண் இருக்கும். பென் டிரைவ் இல்லீங்க, ஒரு கிராமோட விலை. நாலு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ, 25 சதவீதம் எக்ஸ்ட்ரா எல்லாத்தையும் அந்த ஒரு எண் நேராக்கிடும்.

"அப்போ சின்னதா சோப்பு செஞ்சு விக்கிறவங்க எல்லாம் ஏமாத்துறாங்களா?"

இல்ல. என் அலுவலகத் தோழி ஒருத்தர் இதைக் கோபமாவே கேட்டாங்க. நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் சுத்தி எத்தனையோ பெண்கள் வீட்டுலயே சோப்பு செஞ்சு ஒரு வருமானம் பார்க்கிறாங்க. நல்லா செஞ்ச சோப்பும் இருக்கு. சின்ன அளவுல செய்யும்போது விலை கூடத்தான் ஆகும், அதைக் குறை சொல்லல. அவங்களை ஆதரிக்கணும்னு வாங்குறதும், வீகன் உங்க கொள்கைன்னு வாங்குறதும் முழுக்க சரியான காரணங்கள். தோலுக்கு மென்மைன்னு நினைச்சு வாங்குறதுதான் சிக்கல்.

வாங்குறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, தயாரிப்பு லைசென்ஸ் எண் என்ன? விக்கிறதுக்காக சோப்பு செய்ய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையோட லைசென்ஸ் வேணும், அது வீட்டுத் தயாரிப்புக்கும் பொருந்தும். ரெண்டு, எத்தனை வாரம் ஆற வச்சீங்க? கோல்ட் பிராசஸ் சோப்பை நாலுலருந்து ஆறு வாரம் ஆற வைக்கிறது வழக்கம். அவசரத்துல வித்தா சீக்கிரம் கரையும், தோலையும் உறுத்தலாம். மூணு, வாசனை சேர்க்காம ஒண்ணு செஞ்சு தருவீங்களா? உண்மையான தயாரிப்பாளர்னா மூணுக்கும் பதில் சொல்வாங்க. நான் வாங்குனவங்ககிட்ட இதுல ஒண்ணுகூட நான் கேக்கல. தப்புல பாதி என்னோடது.

இப்போ எங்க வீட்டுல

அம்மா கை ரெண்டு மாசத்துல சரியாச்சு. குளிச்சதும், பாத்திரம் கழுவுனதும், ஈரம் காயுறதுக்குள்ள வாசனை இல்லாத பெட்ரோலியம் ஜெல்லி தடவுறாங்க. விலை உயர்ந்த சோப்பை விட அதுதான் அதிகமா உதவுச்சு. சோப்பு டப்பாவுல அடியில ஓட்டை போட்டுத் தண்ணி நிக்காம வச்சதுல எல்லா சோப்பும் கூடுதல் நாள் வருது. அதுக்குச் செலவு ஒரு சூடான ஆணிதான். உங்க வீட்டுல யாருக்காவது அரிப்பு, வெடிப்பு நாலு நாளுக்கு மேல இருந்தா சோப்பை மாத்தி மாத்திப் பார்க்காம தோல் டாக்டரைப் பாருங்க. அவர் ஃபீஸ் ரெண்டு பெட்டி சோப்பை விடக் குறைவு.

அந்த 840 ரூபாய் பெட்டியில ஒரு சோப்பு இன்னும் மிச்சம் இருக்கு. அம்மா அதைத் தூக்கிப் போடல. துணி பீரோவுல வச்சிருக்காங்க, வாசனைக்கு. "வீணாப் போகலல்ல சாமி"ங்கிறாங்க.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க பாத்ரூம்ல இருக்கிற சோப்போட பாக்கெட்டைத் தேடி எடுத்து, முன்பக்கத்தை விட்டுட்டு பின்பக்கத்தைப் படிங்க. அப்படியே அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் "நான் வாங்கிக் குடுத்தது உங்களுக்குச் சேருதா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. நம்ம காசுன்னா அவங்களா வாய் திறந்து சொல்ல மாட்டாங்க.